திருமுழுக்கு வீட்டில் கையால் செய்த அன்பளிப்பு

எமது பங்குகளில் குழந்தையின் திருமுழுக்கைப் பற்றிப் பெற்றோருடன் பேசும்போது, "கொஞ்சம் பொறுத்துச் செய்வம் சுவாமி" என்ற மறுமொழி அடிக்கடி கிடைக்கிறது. எதற்காகப் பொறுக்க வேண்டும் என்று விசாரித்தால், வருகிறவர்களுக்குக் கொடுப்பதற்குக் கையில் பணம் இல்லை என்பதே காரணமாக இருக்கிறது. கேக் துண்டைப் பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும்; குழந்தையின் பெயர் அச்சடித்த அட்டை வேண்டும்; பிள்ளைகளுக்கு ரொபிப் பொதி வேண்டும். பக்கத்து வீட்டார் கொடுத்தார்கள், நாம் கொடுக்காவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கவலை பெற்றோரை வாட்டுகிறது.

இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களுக்கு இக்கவலை இரட்டிப்பானது. 1990 ஆம் ஆண்டிலும் 2006 ஆம் ஆண்டிலும் திருகோணமலை மாவட்டத்து மக்கள் பலர் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீடுவாசலை விட்டு வெளியேறினர். 2006 இல் மூதூர் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றிலும் இருந்து வெளியேறியவர்களுள் சம்பூர் மக்களுக்குக் காணிகள் 2015, 2016 ஆம் ஆண்டுகளிலேயே விடுவிக்கப்பட்டன. அதுவரை கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முதலிய இடங்களில் தற்காலிகக் கொட்டில்களில் அவர்கள் வாழ்ந்தார்கள். வயலும் மாடும் விதைநெல்லும் இழந்த ஒருவர், பிள்ளையின் நல்ல நாளிலாவது ஊருக்கு முன்னால் தலைநிமிர்ந்து நிற்க விரும்புவது இயல்பே. அந்த விருப்பத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் தலைநிமிர்வதற்குக் கடைப்பெட்டி தேவையில்லை. எமது கையும் எமது மண்ணும் தருகின்ற பொருளே போதுமானது. அதுவே அந்த நாளின் பொருளுக்கும் பொருத்தமானது. இதை விளக்கி, செய்முறையையும் கூறுவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. திருச்சபை கேட்பது என்ன?

திருமுழுக்குக்கு வேண்டியவை தண்ணீர், தைலம், வெண்ணிற ஆடை, பாஸ்காத் திரியில் இருந்து ஏற்றப்படும் மெழுகுதிரி ஆகியவை. ஞானத்தந்தையோ ஞானத்தாயோ ஒருவர் இருந்தாலும் போதும், இருவரும் இருக்கலாம். அவர்கள் பொதுவாக 16 வயது நிறைந்தவர்களாயும், உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்றவர்களாயும், விசுவாச வாழ்வு வாழ்பவர்களாயும் இருக்க வேண்டும். வசதி படைத்தவர்களாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. விருந்து, கேக், அன்பளிப்பு என்பன இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867 ஆம் சட்டம், குழந்தை பிறந்து முதற் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கப்படுவதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும் என்கிறது. 848 ஆம் சட்டம், வறுமை காரணமாக எவருக்கும் அருளடையாளங்களின் உதவி கிடைக்காமற் போகாதபடி பார்த்துக்கொள்ளும் கடமையைக் குருமாருக்கு விதிக்கிறது. ஆகவே பணமில்லை என்ற காரணத்தால் திருமுழுக்கைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கோயிலுக்குக் கொடுக்கும் காணிக்கையைப் பற்றிய தயக்கம் இருந்தால் அதையும் பங்குத்தந்தையிடம் வெளிப்படையாகச் சொல்லலாம்.

திருத்தூதர் பணிகள் நூலில் இரண்டு நிகழ்ச்சிகளை நினைத்துப் பார்ப்போம். எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரிக்குப் பிலிப்பு வழியோரத்துத் தண்ணீரில் திருமுழுக்குக் கொடுக்கிறார். அங்கே விருந்தும் இல்லை, விருந்தாளிகளும் இல்லை. இந்தப் பிலிப்பு யார்? எருசலேமில் கலாபனை எழுந்தபோது சிதறிப்போனவர்களில் ஒருவர். எமது சொல்லில் கூறினால் இடம்பெயர்ந்த ஒருவர். பதினாறாம் அதிகாரத்தில் பிலிப்பி நகரச் சிறைக்காவலர் தம் வீட்டாருடன் நள்ளிரவில் திருமுழுக்குப் பெற்று, பவுலையும் சீலாவையும் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவு பரிமாறுகிறார். அந்த நேரத்தில் வீட்டில் இருந்ததைத்தான் அவர் கொடுத்திருப்பார். மகிழ்ச்சியைப் பகிர்வது நல்லது. இருப்பதைக் கொண்டு பகிர்வதே முறை.

2. கடனின் கணக்கு

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருமுழுக்கு விருந்துக்கென ஒருவர் 20,000 ரூபா கைமாற்றாக வாங்குகிறார். வட்டி மாதம் நூற்றுக்கு ஐந்து. அப்படியானால் மாத வட்டி 1,000 ரூபா. ஓராண்டு முடியும்போது 12,000 ரூபா வட்டியாகப் போய்விடும். முதல் 20,000 ரூபா அப்படியே நிற்கும். வந்தவர்கள் அந்தக் கேக் துண்டை வீடு போவதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

நகையை அடைவு வைப்பதும், விதைக்கென வைத்த நெல்லை விற்பதும் இதே கணக்குத்தான். ஓர் ஏக்கர் வயலுக்கு ஏறத்தாழ 2 புசல் விதைநெல் வேண்டும். அந்த 2 புசலை விற்று வாங்கிய அலங்காரப் பெட்டிகளுக்காக, பெரும்போகத்தின்போது விதைநெல்லைக் கூடிய விலைக்குக் கடனாக வாங்க நேரிடும். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் மாவும் சீனியும் எரிபொருளும் என்ன விலைக்கு ஏறின என்பதை எல்லாரும் அனுபவித்தோம். விலை ஏறும்போது முதலில் அடிபடுவது கடனில் நிற்கும் குடும்பமே.

எனவே எமது ஆலோசனை இதுதான்: அன்பளிப்புக்காகக் கைவிட்டுப் போகும் காசு, வீட்டில் ஒருவரின் ஒருநாள் கூலிக்கு மேற்படக் கூடாது. மீதியைக் கையும் வளவும் கொடுக்கட்டும்.

3. மற்றவர்கள் எதைக் கொடுக்கிறார்கள்?

இத்தாலியிலும் பிரான்சிலும் திருமுழுக்குக்கு வந்தவர்களுக்குச் சீனிப்பூச்சிட்ட வாதுமைப் பருப்புகளைக் கொடுப்பது நெடுங்கால வழக்கம். இத்தாலியர் ஐந்து பருப்புகளைச் சிறு துணியில் முடிந்து கொடுப்பர். உடல்நலம், செல்வம், மகிழ்ச்சி, மக்கட்பேறு, நீண்ட ஆயுள் என்று ஐந்துக்கும் பொருள் சொல்வர். வாதுமை அவர்கள் நாட்டு மரம். தமது மண்ணில் விளைந்ததையே அவர்கள் கொடுத்தார்கள்.

கிரேக்க நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் இன்னும் எளிமையான வழக்கம் உண்டு. திருமுழுக்குக்கு வந்த ஒவ்வொருவரின் சட்டையிலும் சிறு நாடாவில் கோத்த சிலுவையொன்றைக் குத்துவார்கள். அதன் பெயர் 'மார்த்திரிக்கா'. சாட்சி என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது அது. மறைசாட்சி என்று நாம் சொல்லும் சொல்லுக்கும் அதுவே வேர். வந்தவர் விருந்து உண்ண வந்தவர் மட்டுமல்லர். இந்தப் பிள்ளை திருமுழுக்குப் பெற்றதற்குச் சாட்சி என்பதே அதன் கருத்து. ஆவணங்களையும் பதிவுகளையும் இடப்பெயர்வில் தொலைத்த எமது மக்களுக்குச் சாட்சி என்பதன் அருமை நன்றாகத் தெரியும்.

எமது அயலைப் பார்ப்போம். இந்துக் குடும்பங்கள் 31 ஆம் நாளில் துடக்குக் கழித்து உறவினரை அழைக்கின்றன. முஸ்லிம் குடும்பங்கள் ஏழாம் நாளில் அகீகா கொடுத்து, இறைச்சியை உறவினருக்கும் ஏழைகளுக்கும் பங்கிடுகின்றன. பிள்ளை பிறந்த மகிழ்ச்சியை அயலாருடன் பகிர்வது எல்லாருக்கும் பொதுவான பண்பாகும்.

4. நாம் செய்யக்கூடிய நான்கு பொருட்கள்

நான்கையும் செய்ய வேண்டும் என்பதில்லை. உங்கள் இடத்தில் எது இலகுவாகக் கிடைக்கிறதோ அதில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

(அ) ஓலைக் குட்டானில் எள்ளுருண்டை

பனங்கட்டிக் குட்டானை அறியாதவர் எம்மில் இல்லை. அதே குட்டானைச் சிறிதாக இழைத்தால் அழகிய அன்பளிப்புப் பெட்டியாகும். இளம் பனையோலையை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, சிறுவிரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள்ளவும். இழைப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தினால் ஓலை வெடிக்காது. ஒரே வடலியில் குருத்துகளை அடுத்தடுத்து வெட்டக் கூடாது, மரம் நலிந்துவிடும். இழைக்கத் தெரிந்த பாட்டிமார் ஊரில் இருப்பார்கள். அவர்களைத் திண்ணையில் இருத்தி இளம் பெண்கள் பழகிக்கொள்ள இது நல்ல சந்தர்ப்பம். முகாம் வாழ்க்கையில் ஒரு தலைமுறை இந்தக் கைவேலையைப் பழகாமலே வளர்ந்துவிட்டது.

உள்ளே வைப்பதற்கு எள்ளுருண்டை உகந்தது. அரைக் கிலோ எள்ளைக் கழுவி, கல் அரித்து, காயவைத்துத் தாச்சியில் வறுக்கவும். எள் வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி, ஆறியபின் உரலில் இடிக்கவும். 300 கிராம் பனங்கட்டியையோ சர்க்கரையையோ தூளாக்கிச் சேர்த்து, எண்ணெய் கசியும்வரை மீண்டும் இடித்து உருட்டவும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஈரம் பட்டால் விரைவில் பூஞ்சணம் பிடிக்கும். உருண்டையொன்று 15 கிராம் அளவில் இருந்தால் ஏறத்தாழ 50 உருண்டைகள் வரும். குட்டானுக்கு இரண்டாக வைத்தால் 25 குடும்பங்களுக்குப் போதும். எள் கிடைக்காத இடத்தில் வறுத்த கச்சானைக் கொண்டும் இவ்வாறே செய்யலாம்.

(ஆ) விதைப் பொதி

விவசாயக் குடும்பத்துக்கு இதைவிடச் சிறந்த அன்பளிப்பை நாம் அறியோம். இடப்பெயர்வில் நாம் இழந்தவற்றுள் வெளியே தெரியாத ஓர் இழப்பு விதை. பாட்டன் காலத்துக் கத்தரியும் பயிற்றையும் தொடர்ந்து விதைக்காமல் விட்டால், முளைக்கும் வலுவைப் படிப்படியாக இழந்துவிடும். பின்னர் கடையில் வாங்கும் பைக்கற்றையே ஒவ்வொரு முறையும் நம்பியிருக்க வேண்டும். திருமுழுக்குக்கு வந்த 25 வீடுகளுக்கு ஊர்க் கத்தரி விதை போனால், ஒரு வீட்டில் அழிந்தாலும் இன்னொரு வீட்டில் அது இருக்கும். தேவைப்படும்போது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

கத்தரியாயின் நன்றாக மஞ்சளாகப் பழுத்த காயைப் பிசைந்து தண்ணீரில் கரைக்கவும். அடியில் தங்கும் விதையே நல்ல விதை, மிதப்பதை நீக்கிவிடவும். வெண்டி, பயிற்றை ஆகியவற்றைக் கொடியிலும் செடியிலுமே காயவிட்டுப் பறிக்கவும். பப்பாசி விதையைச் சாம்பலில் தேய்த்து வழுவழுப்பான தோலை அகற்றவும். எல்லா விதைகளையும் நிழலில் உலர்த்தி, சிறிது அடுப்புச் சாம்பல் கலந்து வைத்தால் பூச்சி குறைவு. கடையில் வாங்கிய கலப்பின விதையில் விளைந்த காயில் இருந்து விதை எடுக்க வேண்டாம். அடுத்த தலைமுறைச் செடி தாய்ச்செடியைப் போல வராது.

கொடுக்குமுன் பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து வைத்துப் பாருங்கள். ஏழோ அதற்கு மேலோ முளைத்தால் கொடுக்கலாம். பழைய கொப்பித் தாளை நாலு விரல் அகலப் பொதியாக மடித்துச் சோற்றுப் பசையால் ஒட்டி, பத்துப் பதினைந்து விதைகளை இட்டு, மேலே குழந்தையின் பெயர், திருமுழுக்கு நாள், விதையின் பெயர் ஆகிய மூன்றையும் எழுதவும். மழைக்காலம் வரும்வரை காய்ந்த போத்தலில் வைத்திருக்கும்படி சொல்லிக் கொடுக்கவும். காணி இன்னும் கிடைக்காதவர்களும் உரப்பையிலோ பழைய தகரத்திலோ மண் நிரப்பி நடலாம்.

(இ) சாட்சிச் சிலுவை

கிரேக்கரின் வழக்கத்தை எமது முறையில் செய்யலாம். குருத்தோலை ஞாயிறன்று நாம் மடிக்கும் ஓலைச் சிலுவையை எல்லாருக்கும் தெரியும். அதையே இரண்டு அங்குல அளவில் மடித்து, குழந்தையின் வெள்ளை ஆடை தைத்து மிஞ்சிய துணியில் ஒரு துண்டுடன் தைத்துவிட்டால் போதும். மிச்சத் துணி இல்லையென்றால் 90 சென்ரிமீற்றர் அகலமுள்ள துணியில் கால் மீற்றர் வாங்குங்கள். 2 சென்ரிமீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் நீளமாக வெட்டினால் நூறு துண்டுகளுக்குக் குறையாமல் கிடைக்கும். ஓரம் பிரியாமல் இருக்கக் கஞ்சியில் தோய்த்துக் காயவிட்டு வெட்டவும். சடங்கு தொடங்குமுன் கோயில் வாசலில் வைத்து ஒவ்வொருவருக்கும் அணிவிக்கலாம். பெரியவர்களுக்கு ஊசி குத்தலாம். சிறுவர்களுக்கு நூலால் கட்டிவிடவும்.

(ஈ) மட்டிச் சிப்பியில் மெழுகு விளக்கு

துறைமுகத்தை அண்டிய ஊர்களில் மட்டி சமைத்தபின் வீசப்படும் சிப்பிகளுக்குக் குறைவில்லை. குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றச் சிப்பி வடிவக் கிண்ணத்தைக் கோயிலில் பயன்படுத்துவதைக் கண்டிருப்பீர்கள். ஆதலால் சிப்பி தண்ணீரையும் மெழுகு ஒளியையும் ஒருசேர நினைவூட்டும். குழிவான பெரிய சிப்பிகளைத் தெரிந்து, கொதிநீரில் அவித்து, சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவிடவும். எரிந்து மிஞ்சிய திரித் துண்டுகளைப் பங்குத்தந்தையின் அனுமதியுடன் சேகரிக்கலாம். அவற்றைச் சிறு தகரத்தில் இட்டு, அந்தத் தகரத்தைக் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்கவும். முறுக்கிய பருத்தி நூலை மெழுகில் தோய்த்துத் திரியாக நிறுத்தி, மெழுகை ஊற்றவும். ஆண்டுதோறும் திருமுழுக்கு நாளன்று இதை ஏற்றிப் பிள்ளைக்காகச் செபிக்கும்படி சொல்லிக் கொடுக்கலாம். சிப்பிக்காகப் புறாமலைத் தீவில் எதையும் பொறுக்கக் கூடாது. அது 2003 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். முருகைக்கல்லை எங்கிருந்தும் எடுக்க வேண்டாம்.

5. யார், எப்போது செய்வது?

மூன்று வாரங்களுக்கு முன்: என்ன பொருள், எத்தனை வீடுகளுக்கு என்று தீர்மானிக்கவும். ஆள் கணக்கில் அல்லாமல் வீட்டுக் கணக்கில் செய்தால் எண்ணிக்கை குறையும். ஓலையையும் விதையையும் காயப்போடவும்.

இரண்டு வாரங்களுக்கு முன்: இழைத்தல், மடித்தல், தைத்தல். தாய் பிள்ளைப்பேற்றின் களைப்பில் இருப்பார். இந்த வேலையை அவர்மேல் சுமத்தக் கூடாது. ஞானத்தாயும் சித்தி மாமிமாரும் பொறுப்பேற்கட்டும். தகப்பனும் ஒலை வெட்டவும் தண்ணீர் அள்ளவும் கைகொடுக்க வேண்டும். பெயர் எழுதும் வேலையைப் பாடசாலைப் பிள்ளைகளிடம் விடலாம்.

இரண்டு நாட்களுக்கு முன்: எள்ளுருண்டை பிடித்து, நன்றாக ஆறியபின் பொதி செய்யவும்.

வாங்க வேண்டியது, வீட்டில் இருப்பது, இரவல் பெறக்கூடியது என்று மூன்று நிரல்களில் முதலிலேயே எழுதிவிடுங்கள். வாங்க வேண்டியதன் கூட்டுத்தொகை ஒருநாள் கூலியைத் தாண்டினால், எதை நீக்கலாம் என்று பாருங்கள். பல குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் திருமுழுக்குக் கொடுப்பதாயின், எல்லாரும் சேர்ந்து ஒரேவிதமான பொருளைச் செய்வது மிக நல்லது. அப்போது ஒருவர் உயர்வு, ஒருவர் தாழ்வு என்ற பேச்சுக்கு இடமிராது.

6. கவனிக்க வேண்டியவை

* ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் வாயில் தேன் தடவக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய கிருமி சிசுக்களுக்குக் கடும் நோயை உண்டாக்கலாம்.
* மணி, பொத்தான், ஊசி முதலிய சிறு பொருட்கள் தவழும் பிள்ளைகளின் கைக்கு எட்டக் கூடாது. கச்சானை முழுப் பருப்பாகச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம், தொண்டையில் சிக்கும்.
* எள்ளும் கச்சானும் சிலருக்கு ஒவ்வாமை தரும். பொதியில் என்ன இருக்கிறது என்று எழுதிவிடவும்.
* மெழுகை நேரே அடுப்பில் வைத்து உருக்கக் கூடாது. தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அணைக்கவும்.
* இந்து, முஸ்லிம் அயலாருக்குச் சிலுவையைவிட விதைப் பொதியோ இனிப்போ கொடுப்பது மரியாதை.
* சாராயப் போத்தல் அன்பளிப்பின் பகுதியன்று. ஒரு போத்தலுக்குச் செலவாகும் காசில் மேலே கூறிய அன்பளிப்பைப் பல வீடுகளுக்குச் செய்துவிடலாம்.

கடைசியாக ஒன்று. லூக்கா நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்தில், திருப்பி அழைக்க வசதியற்றவர்களை விருந்துக்கு அழைக்கும்படி இயேசு கூறுகிறார். கடையில் வாங்கிய பெட்டி, அதேபோன்ற பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்ற கவலையை வாங்குபவருக்கும் கொடுத்துவிடுகிறது. அதனாலேயே ஏழைச் சகோதரி திருமுழுக்குக்கு வராமல் நின்றுவிடுகிறார். கையால் செய்த குட்டானை அவராலும் செய்ய முடியும். ஒரு வீடு கடன்படாமல் நடத்திக் காட்டினால், அந்த ஒழுங்கையில் உள்ள அடுத்த வீட்டுக்கும் அது துணிவு தரும்.

குழுவாகக் கலந்து பேசுவதற்கு

1. எமது கிராமத்தில் கடந்த ஆண்டில் திருமுழுக்கு, பூப்பு நீராட்டு, திருமணம் ஆகியவற்றுக்காகக் கடன்பட்ட குடும்பங்கள் உண்டா? பெயர் கூறாமல் பேசுங்கள். அந்தக் கடன் எப்படித் தீர்ந்தது?
2. பணமில்லாததால் இன்னும் திருமுழுக்குப் பெறாத குழந்தைகள் எமது பங்கில் இருக்கிறார்களா? அவர்களின் வீட்டுக்கு யார் போய்ப் பேசுவது?
3. ஓலை இழைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களிடம் பழக யார் ஆயத்தம்?
4. எமது வளவுகளில் இன்னும் எஞ்சியிருக்கும் ஊர் விதைகள் எவை? அவற்றை ஒரு தாளில் எழுதி, அடுத்த திருமுழுக்குக்கு எந்த விதையைக் கொடுப்பது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.